அரக்கும் பச்சையும் ஒரே சாம்பல்

டீ ஆறுவதற்குள் பாட்டியின் கல்யாண ஆல்பத்தை எடுத்து வாருங்கள். அரக்கு உடல், பச்சைக் கரை, அசல் காஞ்சிபுரம் பட்டு என்று வீட்டில் சொல்வார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சரிகை மட்டும் மின்னும். உடல் எங்கே முடிந்து கரை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து கோர்வை போட்டுச் சேர்த்த இரண்டு நிறங்களும் ஒரே சாம்பலாகிவிட்டன.

வேடந்தாங்கலில் எடுத்த நாரைப் படத்தை நாம் கறுப்பு வெள்ளையாக்கும்போதும் இதேதான் நடக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளை வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நிறம் போகும், படம் வராது. எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாம் செய்யாவிட்டால் இயந்திரம் செய்யும்.

அது எப்படிச் செய்கிறது? படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை எண் உண்டு. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும். அதனால் பழக்கமான ஒரு கணக்கில் சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டுவார்கள். சிவப்பு 140 மட்டும் உள்ள அரக்கைப் போட்டால் 42 வரும். பச்சை 70 மட்டும் உள்ள கரையைப் போட்டால் 41. ஒரு எண் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரித்துப் பார்க்காது.

ஃபிலிம் காலத்தில் இதற்கு மருந்து ஃபில்டர். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடியை மாட்டினால் நீல ஒளி குறையும். வானம் இருண்டு, பறக்கும் கொக்கு பளிச்சென்று தெரியும். தன் நிறத்தை உள்ளே விட்டு எதிர் நிறத்தைத் தடுக்கிற வாசல்காரர் அது. எழுத்தாளர் மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் 1996-இல் காலமாகும்வரை காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். உருவத்தையும் ஒளியையும் நம்பியே காட்டைப் பார்க்க முடியும் என்பதற்கு அவர் யானைப் படங்களைவிட நல்ல பாடம் நம்மிடம் இல்லை.

இப்போது அந்த ஃபில்டர் வேலையை லைட்ரூம் போன்ற மென்பொருளில், படம் எடுத்த பிறகு செய்யலாம். கறுப்பு வெள்ளை மிக்ஸரில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று எட்டு நிறங்களுக்குத் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். கிண்டிப் பூங்காவில் எடுத்த புள்ளிமானைத் திறப்போம். மான் ஆரஞ்சு கலந்த பழுப்பு, ஆகவே ஆரஞ்சை ஏற்றுகிறோம். புல்லை இருளாக்கப் பச்சையை இறக்குகிறோம். புல் அசையவே இல்லையே? நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் புல்லும் இலையும் மென்பொருளின் பிரிவில் பெரும்பாலும் மஞ்சளில் விழுகின்றன. மஞ்சளை இறக்கிப் பாருங்கள், மான் முன்னால் வந்து நிற்கும்.

வேடந்தாங்கலின் மஞ்சள் மூக்கு நாரை இன்னும் கடினம். மூக்கை வெளிச்சமாக்க மஞ்சளை ஏற்றினால் பின்னால் உள்ள இலையும் சேர்ந்து வெளுக்கும். அங்கே மூக்கின்மேல் மட்டும் பிரஷ்ஷால் தடவி ஏற்றுவதே வழி. சிறகோரத்து ரோஜா நிறம் வெள்ளை இறகோடு கரைந்துபோனால், சிவப்பையும் மெஜந்தாவையும் சற்றே இறக்க வேண்டும்.

வெள்ளைக் கொக்குக்கு எந்த ஸ்லைடரும் உதவாது, வெள்ளையில் நிறமே இல்லையே. அதன் பின்னணியைத்தான் இறக்க முடியும். எடுக்கும்போதே அதிக வெளிச்சத்தில் வெளுத்துப்போன இறகின் கோடுகள் திரும்பவே வராது. நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் வானம் மணல் தூவியதுபோலாகி, பறவையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அது தெரிந்ததும் பாதி தூரம் திரும்பி வந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் நிறம் கையில் இருக்க வேண்டும். ஃபோனிலேயே கறுப்பு வெள்ளையாகச் சேமித்த படத்தில் ஏற்ற இறக்க எதுவும் மிச்சமில்லை. நவம்பரில் பறவைகள் வரத் தொடங்கும்போது, வண்ணத்தில், முடிந்தால் ரா (RAW) ஃபைலாக எடுங்கள். அசல் ஃபைலை அழிக்காமல் வையுங்கள்.