பல்லுக்குக் கிளிப் போடுமுன் நாலு வார்த்தை பேசுங்கள்

சாந்த்ராகாச்சியில் நம்மவர் குடும்பம் ஒன்று. தகப்பனார் ரயில்வேயில் குமாஸ்தா. மூத்த பெண்ணுக்கு 13 வயது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் எத்திக்கொண்டு நிற்கும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோ எதிலும் அவள் உதடு பிரிந்ததில்லை. பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகள் ஹவுராவிலும் கார்டன் ரீச்சிலும் கரக்பூரிலும் உண்டு. வாசகர்கள் தங்கள் வீட்டையோ பக்கத்து வீட்டையோ நினைத்துக்கொண்டால் போதும்.

பெற்றோர் கடன் உடன் வாங்கி, ஒரு பல் டாக்டரிடம் பெண்ணை அழைத்துப் போனார்கள். இடம் பண்ணுவதற்காக நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கி, கிளிப் மாட்டினார்கள். பத்து மாதம் ஆயிற்று. பிடுங்கிய இடத்தில் பள்ளம் அப்படியே இருந்தது. முன்பல் பாதிதான் உள்ளே வந்திருந்தது. இதற்குள் தகப்பனாருக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. பிடுங்கிய பல் இனித் திரும்பி வராது. செலவழித்த பணமும் அப்படித்தான்.

தவறு எங்கே நேர்ந்தது? டாக்டரின் கைவேலையில் குறை இல்லை. கம்பியும் நல்ல கம்பிதான். குறை நேர்ந்தது பேச்சில். டாக்டர் வங்காளத்தில் சொன்னது தாயாருக்குப் புரியவில்லை. தாயாருக்குப் புரியவில்லை என்பது டாக்டருக்குத் தெரியவில்லை. நடுவே மொழிபெயர்த்தவள் அந்தப் பெண்ணேதான்.

பல் நகர்வது எப்படி?

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால், விழுங்குவதோடு நோயாளியின் வேலை முடிந்தது. பல் சீரமைப்பு அப்படிப்பட்டதல்ல. பல் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்கவில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. பல்லின் மேல் இலேசாக, இடைவிடாமல் அழுத்தம் கொடுத்தால், அது நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. விட்டு வரும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. வேகமோ ஏறக்குறைய மாதம் 1 மில்லிமீட்டர்தான். அழுத்தத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தவறு. அதிக அழுத்தம் வேருக்குக் கேடு.

ஆகவே இந்தச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீள்கிறது. அவ்வளவு காலத்திலும் டாக்டர் வாயைப் பார்ப்பது 4 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை, சில நிமிஷங்கள்தான். மற்ற நேரமெல்லாம் கம்பி நோயாளியின் வீட்டில் இருக்கிறது. ரப்பர் வளையத்தை மாட்டுவதும், பல்லை விளக்குவதும், கடிக்கக் கூடாததைக் கடிக்காமல் இருப்பதும் நோயாளியின் கையில் இருக்கிறது. டாக்டரின் சொல் வீடு வரை போய்ச் சேராவிட்டால், சிகிச்சையில் பாதி நடக்கவே இல்லை என்றுதான் பொருள்.

ஐஸ்கிரீம் கடை வளர்த்த கல்லூரி

பல் வைத்தியத்துக்கு ஊருக்குத்தான் போக வேண்டும் என்று நம்மவரில் சிலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியதே இந்தக் கொல்கத்தாவில்தான். 1890-ல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த டாக்டர் ரபியுத்தீன் அகமது, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படித்து 1915-ல் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கென்றே நடந்துவந்த ஃபோர்சைத் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். நாடு திரும்பியவர் 1920-ல் கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சர்க்கார் பணம் இல்லை. ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்ற பெயரில் அவர் நடத்திய ஐஸ்கிரீம் கடையின் வருமானம் கல்லூரிக்குப் போயிற்று. இனிப்பு விற்ற காசில் பல் வைத்தியம் வளர்ந்தது என்பது வேடிக்கைதான்!

முகம்மது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா இங்கே படித்தவர். 1949-ல் அகமது கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். பின்னர் மாநில மந்திரியாகவும் இருந்தார். 1964-ல் பத்மபூஷண் பெற்று, 1965-ல் காலமானார். ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையில், மௌலாலி பக்கம், அந்தக் கல்லூரி இன்று டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. பல் சீரமைப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கல் ரயிலில் ஹவுரா சென்று, அங்கிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு. காத்திருக்கும் நேரம் அதிகம்.

‘ஹா கொரோ’

இடம் தெரிந்தால் போதாது. அங்கே பேசத் தெரிய வேண்டும். நம் ஊரில் குழந்தையிடம் “ஆ காட்டு” என்பார்கள். வங்காளத்தில் “ஹா கொரோ” என்பார்கள். வாய் திறப்பதற்கு இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஓசை. ஆனால் ஒற்றுமை அந்த அளவோடு நின்றுவிடுகிறது. வங்காளத்தில் ‘மாஷ்’ என்றால் மாதம். ‘மாச்’ என்றால் மீன். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே விழும். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்களா, மீனைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருகிறவர்கள் உண்டு.

புரியாதபோது நம்மவர் செய்வது ஒன்றே. “ஹை, ஹை” என்று தலையாட்டுவது. திரும்பக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்களே என்ற கூச்சம். தலையாட்டலைப் பார்த்த டாக்டர், எல்லாம் புரிந்தது என்று அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.

பள்ளியில் வங்காளம் படிக்கும் பிள்ளையே மொழிபெயர்க்கட்டும் என்று விடுவதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. மேலே சொன்ன பெண் ரப்பர் வளையத்தை வீட்டில் கழற்றி வைத்துவிடுவாள். வலிக்கிறது, வகுப்பில் கேலி வேறு. “ராத்திரி பகல் போட்டுக்கொள்ளாவிட்டால் பல் நகராது” என்று டாக்டர் இரண்டு முறை எச்சரித்தார். “என்னடி சொல்கிறார்?” என்று தாயார் கேட்டாள். “எல்லாம் நன்றாக இருக்கிறதாம், அம்மா” என்றது பெண். குழந்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தன்மேல் உள்ள புகாரைத் தானே மொழிபெயர்க்க எந்தக் குழந்தைக்குத்தான் மனம் வரும்? பேச்சுத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையோ, தகப்பனாரோடு வேலை பார்க்கும் வங்காளி நண்பரையோ முதல் நாளும், அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் உடன் அழைத்துப் போவது நல்லது.

நாலே வாக்கியங்களைத் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொண்டால் பெரும் உதவியாக இருக்கும். ‘ப்யாதா லாக்சே’ என்றால் வலிக்கிறது. ‘குலே கேச்சே’ என்றால் கழன்றுவிட்டது. ‘புஜ்தே பாரி நி’ என்றால் எனக்குப் புரியவில்லை. ‘ஆபார் கொபே ஆஷ்போ?’ என்றால் மறுபடி எப்போது வரவேண்டும்? இவற்றில் மூன்றாவதைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். அதுதான் முக்கியமும்கூட.

நல்ல டாக்டருக்கு அடையாளம்

நல்ல பல் டாக்டர் கருவியை எடுக்குமுன் கண்ணாடியை எடுப்பார். அதைக் குழந்தையின் கையில் கொடுத்து, “உனக்கு எது பிடிக்கவில்லை?” என்று கேட்பார். கிளிப்பைச் சுமக்கப்போவது குழந்தை. அதனிடம் ஒரு வார்த்தை கேட்டால் பிற்பாடு ரப்பர் வளையம் மேஜை டிராயருக்குள் போகாது. அமெரிக்காவில் அடல்ஸ்டன் என்ற பல் டாக்டர் 1959-ல் ஒரு முறையை எழுதிவைத்தார். முதலில் சொல், பிறகு காட்டு, அதன்பின் செய் என்பதே அது. கருவி இன்னதென்று சொல்லி, விரல் நகத்தின் மேல் ஓட்டிக் காட்டி, அப்புறம் பல்லில் வைத்தால் குழந்தைக்குப் பயம் குறையும். உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் இது கற்றுத்தரப்படுகிறது. மொழி தெரியாத இடத்தில் இந்த முறைக்கு இரட்டிப்புப் பலன். ஏனென்றால் காட்டுவதற்கு மொழி வேண்டாம்.

வலியை மறைக்காமல் சொல்வது இன்னொரு அடையாளம். கம்பியை முறுக்கிய பிறகு இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஐந்து நாள் வரை வலி இருக்கும். முன்கூட்டியே சொன்னால் தாயார் பயப்படமாட்டாள். சொல்லாமல் விட்டால், ஏதோ கெட்டுவிட்டது என்று வேறு யாரிடமாவது ஓடுவாள். சாதாரணமாக இட்லியும் ரசம் சாதமும் கிச்சுடியும் கொடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தால் சமாளித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “நான் சொன்னதை நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று கேட்கும் டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் உங்களைப் பரீட்சை வைக்கவில்லை. தாம் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தம்மையே சோதித்துக்கொள்கிறார்.

கேட்க வேண்டியவை

முதல் நாளே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. பல் பிடுங்க வேண்டுமா, எத்தனை, ஏன்? பிடுங்காமல் வேறு வழி உண்டா? மொத்தம் எத்தனை மாதம்? மொத்தச் செலவு எவ்வளவு, அதைத் தவணையில் கட்டலாமா? கழன்ற வில்லையை மறுபடி ஒட்டத் தனிக் கட்டணமா? கம்பி எடுத்த பிறகு போடும் ரிடெய்னர் அதில் சேர்த்தியா? பதிலையும் அங்கேயே எழுதி டாக்டரிடமோ உதவியாளரிடமோ படித்துக் காட்டலாம். ஆபீசில் கோப்புக்குக் குறிப்பு எழுதும் நமக்கு இது புதிய வேலை அல்ல.

சாப்பாட்டு விஷயத்தில் டாக்டருக்கு நம் பலகாரங்கள் தெரியாது. அவர் ‘கடினமான பொருள்’ என்று சொன்னால் முறுக்கு, சீடை, தட்டை, வறுத்த நிலக்கடலை, கரும்பு என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். தெருமுனை ஜால்முரியில் உள்ள கடலையும் சேர்த்தி. ரசகுல்லா மெத்தென்று இருக்கிறதே என்று கேட்கலாம். கம்பிக்கு அதனால் தீங்கில்லை, பல்லுக்கு உண்டு. கம்பியைச் சுற்றிச் சர்க்கரை தங்கினால், கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஆகவே சாப்பிட்டதும் பிரஷ் போட வேண்டும்.

வில்லை கழன்றாலும் கம்பி கன்னத்தைக் குத்தினாலும் ‘அடுத்த முறை போகும்போது சொல்லலாம்’ என்று இருக்கக் கூடாது. குத்தும் முனையில் டாக்டர் தந்த மெழுகை வைத்துவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். வீட்டுக் குறடால் வெட்டுவது ஆபத்து. முறுக்குத் தின்றதால் கழன்றது என்றால் அதையும் சொல்லிவிடலாம். திட்டு வாங்குவது ஒரு நிமிஷம். மறைத்தால் நஷ்டமாவது மாதக்கணக்கு.

மாற்றல் வந்தால்

நம்மவருக்கே உரிய கஷ்டம் இது. மாற்றல் வரக்கூடும் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உத்தரவு வந்ததும் ஓடிப்போய்க் கம்பியைக் கழற்றச் சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் எடுத்த பல் அச்சு, எக்ஸ்ரே, புகைப்படங்கள், இதுவரை என்ன செய்யப்பட்டது, இனி என்ன பாக்கி என்ற குறிப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டிய பணத்துக்கும் கணக்கு எழுதி வாங்கவேண்டும். அந்தக் காகிதங்கள் இருந்தால் புதிய ஊர் டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சென்னைக்குப் போகிறவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது.

சிகிச்சை முடிந்தபின் ரிடெய்னர் போடுவதையும் மறந்துவிடக் கூடாது. நகர்த்திய பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். கிளிப் கழற்றிய சந்தோஷத்தில் ரிடெய்னரைத் தூக்கிப் போட்டவர்கள் ஓரிரு ஆண்டில் வருந்தியிருக்கிறார்கள்.

சாந்த்ராகாச்சிப் பெண்ணின் கதை மாற்றல் உத்தரவோடு முடிந்துவிடவில்லை. தகப்பனார் தம் ஆபீஸ் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அதே டாக்டரிடம் மறுபடி போனார். இந்தத் தடவை எல்லாம் பேசப்பட்டன. ரப்பர் வளைய விஷயமும் வெளிவந்தது. டாக்டர் திட்டவில்லை. “எனக்குத் தமிழ் தெரியாது, நான் படம் போட்டாவது காட்டியிருக்க வேண்டும்” என்றார். ஒரு தாளில் கடிகாரம் வரைந்து, எந்த நேரம் வளையத்தைக் கழற்றலாம் என்று குறித்துக் கொடுத்தார். புது ஊர் டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

அந்தக் கடிகாரப் படம் இப்போது வேறொரு ரயில்வே குவார்ட்டர்ஸில், சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தாயார் அதைப் பார்த்துத்தான் பெண்ணைக் கேட்கிறாள். பள்ளம் மூட இன்னும் சில மாதங்கள் ஆகும்.