மாவு பொங்கிற்றா? ஊரில் அம்மா எப்படி?

தில்லிக் குளிரைப் பற்றி ஊரில் இருப்பவர்களிடம் சொல்லும்போது நாம் எல்லோருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறோம். ஆனால் 2019 டிசம்பர் 30-ஆம் தேதியைப் பற்றி எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் தகும். அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான பகல் வெப்பமே 9.4 டிகிரிதான். 1901-க்குப் பிறகு டிசம்பர் மாதத்தில் அப்படி ஒரு குளிர்ந்த பகல் இருந்ததில்லை என்றார்கள். மற்ற வருஷங்கள் அவ்வளவு மோசமில்லை. ஜனவரி இரவுகளில் 7 டிகிரியை ஒட்டி இருக்கும். மூடுபனி விலகினால் பகலில் இதமான வெயிலும் உண்டு. அந்த வெயிலில் உட்கார்ந்து நம்மவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் தில்லியின் எந்தக் குடியிருப்புப் பூங்காவுக்குப் போனாலும் பாய், பிளாஸ்டிக் நாற்காலி, வேர்க்கடலை, ஆரஞ்சுத் தோல், பின்னல் ஊசி என்று ஒரே காட்சிதான். தெற்கு தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் நம்மவர்கள் கூடும் மூலைக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே வருகிற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பொழுதுபோக்கு, வீட்டில் எதையாவது புளிக்க வைப்பது! இட்லி மாவு, தயிர், கேரட் காஞ்ஜி, பெயரில் மட்டும் பீர் இருக்கும் இஞ்சி பீர் என்று ஆளுக்கொரு ஜாடி. இந்தக் கூட்டத்துக்கு 'ஊறல் கோஷ்டி' என்று பெயர் வைத்தவர் ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. "எங்க ஊர்ப்பக்கம் இந்தப் பேரைச் சொன்னா போலீஸ் வந்துடும் சார்" என்று மதுரைக்கார நர்ஸ் அம்மா ஆட்சேபித்தும் பெயர் நிலைத்துவிட்டது.

மாவுக்கும் ஒரு ரஜாய்

முதல் கேள்வி எப்போதும் மாவைப் பற்றியதுதான்.

"என்ன மாமி, நேத்து அரைச்சது பொங்கித்தா?"

"எங்கே! கல்லு மாதிரி கிடக்கு. இன்னிக்கும் தோசைதான்."

சென்னையில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழிகிற மாவு, தில்லி ஜனவரியில் ஒரு முழு நாள் ஆனாலும் அசைவதில்லை. காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடு கூடவே வருகின்றன. அவற்றில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியா என்று 1965-லேயே அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்திருக்கிறது. புளிப்பைத் தருவதும் அதுதான், மாவை உப்ப வைக்கும் கரியமில வாயுவைத் தருவதும் அதுதான். அந்த வாயுவை ஓடிவிடாமல் பிடித்து வைப்பது அரைத்த உளுந்தின் வழவழப்பு. இந்த உயிர்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் சௌகரியம். நம் சமையலறையில் ஜனவரி இரவில் அதில் பாதி இருந்தாலே அதிகம். ஆகவே அவை செத்துவிடவில்லை, நம்மைப் போலவே சுருண்டு படுத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

எழுப்புவதற்கு ஆளுக்கொரு வைத்தியம். ரயில்வே மாமா வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையாலேயே நன்றாகக் கலந்து, பாத்திரத்தைப் பழைய ரஜாய்க்குள் சுற்றி வைக்கிறார். நர்ஸ் அம்மா மைக்ரோவேவ் அடுப்பை ஓட்டாமலே உபயோகிக்கிறார். உள்ளே மாவோடு ஒரு கிண்ணம் கொதிநீரை வைத்துக் கதவை மூடிவிட்டு, நீர் ஆறியதும் மாற்றுகிறார். குருகிராமில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கோவைத் தம்பியோ அவனில் விளக்கை மட்டும் போட்டு, தெர்மாமீட்டர் சகிதம் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறார். கோடையில் நாலுக்கு ஒன்று போடும் உளுந்தைக் குளிரில் மூன்றுக்கு ஒன்று ஆக்குவதிலும், பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதிலும் எல்லோரும் ஒருமனம். கல் உப்பா, தூள் உப்பா, உப்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதில் மட்டும் மூன்று வருஷமாக வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

கஞ்சியும் காஞ்ஜியும்

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் "காஞ்ஜி குடியுங்கள்" என்று கூப்பிட்டதை நம்பிப் போன பாட்டி ஒருவர், கண்ணாடி டம்ளரில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ வந்ததைப் பார்த்துத் திகைத்த கதை இந்தக் கோஷ்டியில் பிரசித்தம். வட இந்தியரின் காஞ்ஜி நம் கஞ்சி அல்ல. ஆனால் தூரத்து உறவு என்று சொல்லலாம். சமஸ்கிருதத்தில் காஞ்ஜிகம் என்றால் புளித்த கஞ்சி நீர். நம் வீட்டு நீராகாரமும் அந்த வகைதானே!

செய்முறை சுலபம். குளிர்காலத்தில் மட்டும் சந்தைக்கு வரும் கருப்பு கேரட் அரைக் கிலோ, ஒரு சிறிய பீட்ரூட் இரண்டையும் விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சி ஆறிய நீர் இரண்டு லிட்டர், கொரகொரப்பாகப் பொடித்த கடுகு இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு, மிளகாய்ப் பொடி. எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைத்து, தினம் ஒரு தரம் சுத்தமான மரக்கரண்டியால் கிளறினால் நாலைந்து நாளில் புளித்துவிடும். வெயில் இல்லாத வாரமானால் இன்னும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கிளம்பும் கடுகு நெடியே மூக்கடைப்பைத் திறந்துவிடும்.

இந்த இடத்தில் நர்ஸ் அம்மா விரலை ஆட்டுவார். "இதிலே உப்பு ஜாஸ்தி. பிரஷர் இருக்கறவங்க, கிட்னியிலே கோளாறு உள்ளவங்க பக்கத்திலேயே போகாதீங்க. சும்மா டம்ளரை வாசம் பாருங்க, போதும்." இரண்டு மூன்று கைகள் டம்ளரைக் கீழே வைக்கும். அதோடு சமையல் பேச்சு முடிகிறது. இரண்டாவது கேள்வி ஆரம்பமாகிறது.

இரண்டாவது கேள்வி

"ஊரிலே அம்மா எப்படி இருக்காங்க?"

நம்மில் யாரும் நேராக இந்தக் கேள்வியோடு வந்து உட்காருவதில்லை. கேட்கிறவருக்கும் கூச்சம், பதில் சொல்கிறவருக்கும் கூச்சம். மாவு, தயிர், கேரட் என்று அரை மணி நேரம் பேசிய பிறகுதான் வாய் வருகிறது. அந்த அரை மணி நேரத்தை வீண் பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது இல்லாவிட்டால் மற்றது வெளியே வராது.

குளிர்காலத்தில் பதில்களும் கனமானவை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இந்த மாதங்களில் கூடுகின்றன. புகையும் மூடுபனியும் சேர்ந்த காற்று ஆஸ்துமாக்காரர்களைப் படுத்துகிறது. தாகம் தெரியாததால் வயதானவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அதிகாலை நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வதும், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சுவதும், மூடிய அறையில் கரி அங்கீட்டியை எரியவிட்டுத் தூங்காதீர்கள் என்று எச்சரிப்பதும் நர்ஸ் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் உயிர்களைக் கொண்டுபோகிறது.

இவை இங்கே இருப்பவர்களுக்கு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெற்றோருக்கு? 1929-ல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் நம் முன்னோர்கள் தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்தார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. நடுராத்திரியில் அடிக்கும் போன் மணி அந்த வேலையைச் செய்கிறது. விமானத்தில் மூன்று மணி நேரத்தில் சென்னை போய்விடலாம் என்பது வாஸ்தவம். ஆனால் பக்கவாதம் வந்த தாய்க்குத் தேவை மூன்று மணி நேரம் அல்லவே, மூன்று மாதம்!

"பேசாம இங்கே அழைச்சுண்டு வந்துடேன்" என்று சொல்வது சுலபம். அனுபவப்பட்டவர்கள் அப்படிச் சொல்வதில்லை. நவம்பரில் அழைத்து வந்தால் புகை, ஜனவரியில் குளிர், மே மாதத்தில் அனல். பிப்ரவரி கடைசியில் அழைத்து வந்து ஏப்ரல் நடுவில் திருப்பி அனுப்புவதுதான் உடம்புக்கு நல்லது என்பது கோஷ்டியின் பொது அபிப்பிராயம். உடம்புக்குச் சரி, மனசுக்கு? மகனும் மருமகளும் ஆபீஸ் போன பிறகு மொழி தெரியாத ஊரில், மூடிய ஜன்னலுக்குள் ஒன்பது மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பது ஒரு வைத்தியமா என்று ஒரு மாமி கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

லீவுக் கணக்கு

போன குளிர்காலத்தில் இந்தக் கேள்வி ஒருவர் தலையில் நிஜமாகவே விழுந்தது. மத்திய அமைச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருஷ சர்வீஸ் உள்ளவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த தாயாருக்கு டிசம்பரில் பக்கவாதம். இடது கை வரவில்லை. தங்கை சிங்கப்பூரில். இங்கே பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. காஞ்ஜி ஜாடியைத் திறந்தபடியே அவர் சொன்னார்: "வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

இருபது வருஷம் முடித்த மத்திய அரசு ஊழியர் விருப்ப ஓய்வு கேட்கலாம் என்பது விதி. ஆனால் ரயில்வே மாமா அவசரப்படவில்லை. "லீவ் அக்கவுண்ட்டைப் பார்த்தியோ?" என்றார். பார்க்கவில்லை. அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். ஈட்டிய விடுப்பு வருஷத்துக்கு 30 நாள், 300 நாள் வரை சேரும். அரைச் சம்பள விடுப்பு வருஷத்துக்கு 20 நாள், அதற்கு உச்ச வரம்பே கிடையாது. தன் உடம்புக்கு மட்டுமல்ல, சொந்தக் காரியத்துக்கும் அதை எடுக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை. ஓர் ஆயுள் வேலையை விட்டுவிட இருந்தவருக்கு ஐந்நூறு நாளுக்கு மேல் விடுப்பு கணக்கில் கிடந்தது. மேலதிகாரி சம்மதிக்க வேண்டுமே என்ற கவலை இருந்தது. மருத்துவச் சான்றுகளோடு எழுதிக் கொடுத்ததில் இரண்டு மாதம் கிடைத்தது.

அவர் ஜனவரியில் ஊர் போனார். இங்கே அவர் சம்சாரம் தனியாகப் படாதபடி கோஷ்டி பார்த்துக்கொண்டது. கோவைத் தம்பி அந்தப் பெண்ணுக்கு வாரம் இருமுறை கணக்குச் சொல்லிக் கொடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் மாவு ஒரு மாமி வீட்டிலிருந்து போயிற்று. நர்ஸ் அம்மா போனிலேயே கைப் பயிற்சிகளைப் பற்றி விசாரித்தபடி இருந்தார். மார்ச்சில் அவர் திரும்பியபோது தாயார் டம்ளரைப் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். ஊரில் உதவிக்கு ஒரு பெண்மணியை அமர்த்தியாயிற்று. இதுவே போதுமா, இன்னொரு முறை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை, நம்மிடமும் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது, விடுப்பும் மீதி இருக்கிறது.

தனியார் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது என்பது உண்மை. அவர்களும் வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட விடுப்பு விதிகளையும், கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அரசு ஊழியர்கள் பெற்றோரை மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் சேர்ப்பதற்கு வருமான வரம்பு உண்டு. அதையும் ஆபீஸில் விசாரித்துக்கொள்ளலாம். போன் மணி அடித்த பிறகு விதிப் புத்தகம் படிக்க முடியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்பிலும் வெயிலுக்கு வராத தமிழ்க் குடும்பம் ஒன்றாவது இருக்கும். புதிதாக மாற்றலாகி வந்தவர்களாக இருக்கலாம், வீட்டில் படுத்த படுக்கையாக யாரோ இருக்கலாம், அல்லது வெறும் கூச்சமாக இருக்கலாம். போய்க் கதவைத் தட்டுங்கள். என்ன சொல்லிக்கொண்டு போவது என்று யோசிக்க வேண்டாம். ஒரு கிண்ணத்தில் புளித்த மாவு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போங்கள். இந்தக் குளிரில் அது இல்லாத வீடு கிடையாது, வேண்டாம் என்று சொல்கிற வீடும் கிடையாது.