மண்ணும் விண்ணும் – 9: வடிகால் இல்லாத கிரகம்

பிச்சாவரத்தில் படகேறுபவர்கள் காட்டைப் பார்க்கப் போகிறார்கள். இருபுறமும் சுரபுன்னை வேர்கள் வளைந்து நீருக்குள் இறங்க, நடுவே குறுகிய கால்வாய்களில் படகு நுழைந்து போகும். ‘இதயக்கனி’ படம் எடுத்த இடம் இதுதான் என்று படகோட்டி கை காட்டுவார். இந்த வாரம் நான் எழுத வந்தது, அந்தக் காட்டுக்குள்ளேயே மரமில்லாமல் பல பத்தாண்டுகள் கிடந்த மொட்டைத் திடல்களைப் பற்றி. செவ்வாயில் செடி வளருமா என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு நான் காட்டக்கூடிய தெளிவான பாடம் அந்தத் திடல்களில் இருக்கிறது.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே, சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த அலையாத்திக் காடு. ஆங்கிலேயர் காலத்தில் இதைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பிலும் மரங்களை அடியோடு வெட்டி எடுத்தார்கள். அந்த வழக்கம் 1970கள் வரை நீடித்தது. வெட்டிய இடத்தில் காடு தானாகத் தழைத்துவிடும் என்பது கணக்கு. பல இடங்களில் தழைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய சேறு அமுங்கி, சமமாக இருந்த தரை தாம்பாளம்போல் நடுவில் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீருக்கு, ஓதம் இறங்கும்போது வெளியே போக வழியில்லை. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு தங்கியது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. இப்படியே போய், கடல்நீரைவிடக் கடுமையாகக் கரிக்கும் நிலமாகிவிட்டது.

உப்போடு வாழத் தெரிந்த செடிகளுக்கு அந்தக் காட்டில் குறைவே இல்லை. வெண்கண்டல் மரத்து இலையை விடிகாலையில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நுண்ணிய துளிகள் நிற்கும். பனி என்று நினைத்து நாக்கில் வைத்தால் சுரீரென்று கரிக்கும். இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளிய நீர் அது. வெயில் ஏறியதும் துளி வற்றி, இலைமேல் உப்புப் பொடி மினுங்கும். காற்றில் உதிரும், மழையில் கழுவிப் போகும். சுரபுன்னைக்கு வேறு வழி. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிட்டு நீரை மட்டும் மேலே ஏற்றிக்கொள்ளும். தில்லை மரம் காட்டின் மேட்டுப்பாங்கான ஓரங்களில் நிற்கும். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நடராசர் கோயிலின் தலமரம் இதுதான். சிதம்பரத்துக்குள் இன்று தில்லைக் காடு கிடையாது. பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட உரம் மிக்கது உமரி. இடுப்பளவுகூட உயராத செடி. வருகிற உப்பைத் தன் சதைப்பற்றான இலைக்குள்ளேயே வாங்கி அடைத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஏற ஏறச் செடி சிவக்கும். கடலோர ஊர்களில் இதைப் பறித்து, வேகவைத்த நீரை வடித்துவிட்டுச் சமைப்பார்கள். தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.

மொட்டைத் திடல்களில் மிஞ்சியது இந்த உமரி மட்டும்தான். மிக மோசமான பள்ளங்களில் அதுவும் இல்லை. வெள்ளைப் பொருக்குதான்.

இத்தனைக்கும் அந்தப் பள்ளங்களில் நீர் நின்றது. ஆனால் வேருக்கு அது நீர் இல்லை. வேருக்குள் இருக்கும் சாறு வெளியே இருக்கும் நீரைவிட அடர்த்தியாக இருந்தால்தான் நீர் உள்ளே வரும். வெளியே உப்பின் அடர்த்தி மிஞ்சிவிட்டால் வேரால் இழுக்க முடியாது. உள்ளே இருப்பதையும் பறிகொடுக்கும். நீரில் நின்றபடியே செடி தாகத்தில் சாகும். ‘செவ்வாயில் நீர்’ என்று ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் பிச்சாவரத்துப் பள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயில் தாவரம் உண்டு என்று நம்பியவர்கள் சாமானியர்கள் இல்லை. சோவியத் வானியலாளர் கவ்ரீல் டிகோவ், 1940களின் இறுதியில் அல்மா அட்டாவில் இதற்கென்றே ‘வான் தாவரவியல்’ என்று ஒரு துறையைத் தொடங்கினார். 1950களின் கடைசியில் அமெரிக்கரான வில்லியம் சின்டன், செவ்வாயிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியில் தாவரங்களுக்கு உரிய அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தார். அந்த அடையாளம் நம் பூமியின் காற்றிலேயே இருக்கும் ஒருவகைக் கனநீராவியால் வந்தது என்று பின்னர் தெரிந்தது. 1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து போகையில் 22 படங்கள் எடுத்து அனுப்பியது. அவற்றில் இருந்தவை பெரும் பள்ளங்கள். காற்று மிக மெல்லியது என்பதையும் அந்தப் பயணமே காட்டிக்கொடுத்தது.

எவ்வளவு மெல்லியது? செவ்வாயின் காற்றழுத்தம் சராசரியாக 6 மில்லிபார் அளவு. நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அழுத்தத்தில் பனிக்கட்டி உருகியதும் கொதிநிலை வந்துவிடும். நல்ல நீர் ஒரு குவளை அங்கே திறந்து வைத்தால் ஒரு பக்கம் உறையும், மறுபக்கம் ஆவியாகும். நீராகவே நிற்க வேண்டுமானால் அதில் உப்பு நிறையக் கரைந்திருக்க வேண்டும்.

செவ்வாயில் உப்புக்குப் பஞ்சமில்லை. 2008இல் வடதுருவத்துக்கு அருகே இறங்கிய பீனிக்ஸ் கலம் அங்குள்ள மண்ணைக் கரைத்துப் பார்த்தபோது பெர்குளோரேட் உப்புகள் இருந்தன. எடையில் நூற்றுக்கு அரை பங்கு அளவில். இந்த உப்பு கரைந்த நீர் சுழியத்துக்குக் கீழே பல பத்துப் பாகைகள் வரை உறையாது. 2015 செப்டம்பரில் நாசா, செவ்வாயின் சரிவுகளில் வெயில் காலத்தில் தோன்றும் கருங்கோடுகளில் நீரேறிய பெர்குளோரேட் தென்படுவதாக அறிவித்தது. நம் ஊர்ப் பத்திரிகைகள்கூட ‘செவ்வாயில் நீர் ஓடுகிறது’ என்று முதல் பக்கத்தில் போட்டன. இரண்டே ஆண்டில், அந்தக் கோடுகள் உலர்ந்த மணல் சரிவதால் வருபவையாக இருக்கலாம் என்று இன்னொரு ஆய்வு வந்தது.

கோடுகளில் நீரே இருந்ததாக வைத்துக்கொள்வோம். அவ்வளவு குளிரிலும் உறையாமல் இருக்கும் அளவுக்கு உப்பு கரைந்த நீர், மொட்டைத் திடலின் நீரைவிட எத்தனையோ மடங்கு கொடியது. உமரியே கைவிட்ட இடத்தைவிட மோசமான இடத்தில் எந்த வேர் நிற்கும்? செடிக்கு வேண்டியது வேர் குடிக்கும் நீர். அதைக் காட்டும் வரை, செவ்வாயின் திறந்தவெளியில் தாவரம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

வேறொரு வாதமும் அடிக்கடி வரும். செவ்வாயின் காற்றில் நூற்றுக்கு 95 பங்கு கார்பன் டை ஆக்சைடு. செடிக்கு அதுதானே உணவு, அங்கே கொண்டாட்டமாக வளராதா என்று கேட்பார்கள். இதற்கும் வெண்கண்டல் பதில் சொல்கிறது. அதன் அடிமரத்தைச் சுற்றி, சேற்றிலிருந்து பென்சில் கனத்தில் நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால், வேரே வெளியே வந்து மூச்சு விடுகிறது. இலைகள் பகலில் ஆக்சிஜனை விட்டாலும், மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு இரவும் பகலும் ஆக்சிஜன் வேண்டும். செவ்வாயின் காற்றில் ஆக்சிஜன் நூற்றில் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெண்கண்டல் வேரை மேலே நீட்டினாலும் அங்கே எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஓசோன் படலம் இல்லாததால் புறஊதா ஒளி வடிகட்டாமல் விழும். இரவில் குளிர் சுழியத்துக்குக் கீழே 80, 90 பாகை வரை இறங்கும்.

பிச்சாவரத்துத் திடல்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, கிராமத்தாரையும் வைத்துக்கொண்டு அங்கே கால்வாய் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதம் ஏறும்போது நீர் எல்லா மூலைக்கும் போனது, இறங்கும்போது முழுவதும் வடிந்தது. போகும்போது உப்பைக் கழுவி எடுத்துச் சென்றது. அதன் பிறகு வாய்க்கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. புதிய ரகம் எதுவும் கொண்டுவரவில்லை. முன்பு அங்கே வளர்ந்த அதே செடிதான். மாறியது வடிகால்.

கடலூர் மாவட்டத்து விவசாயிக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். 2004 டிசம்பரில் சுனாமி வயலுக்குள் கடலைக் கொண்டுவந்து விட்டுப் போனபோது, அவர்கள் முதலில் கேட்டது ‘உப்பு எப்படி இறங்கும்’ என்பதைத்தான். நல்ல நீரைக் கட்டி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள், மழைக்குக் காத்திருந்தார்கள். பாசனம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால் என்பது டெல்டாவின் அரிச்சுவடி. கொள்ளிடமே காவிரியின் வடிகால்தான். முக்கொம்பில் பிரிந்து, மிஞ்சிய வெள்ளத்தைச் சுமந்து வந்து இங்கே கடலில் விடுகிறது.

செவ்வாயிலும் ஒரு டெல்டா உண்டு. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில், முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறு வந்து சேர்ந்த இடத்தில் வண்டல் விசிறிபோலப் பரந்து கிடக்கிறது. நீர் உள்ளே வந்த வழியும் வெளியே போன வழியும் இன்னும் தெரிகின்றன. அந்த ஏரிக்கு வடிகால் இருந்தது. பிறகு காற்று மெலிந்தது, ஆறுகள் நின்றன, உப்பைக் கழுவிச் செல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. பெர்குளோரேட் அங்கே சேர்ந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூடிய கூடாரத்துக்குள் வளர்க்கலாமே என்றால், வளர்க்கலாம். அந்த வேலை தொடங்கிவிட்டது; நம் பங்கும் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் கடைசி அடுக்கில், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம் ஒரு சிறு பெட்டியில் எட்டுக் காராமணி விதைகளை அனுப்பியது. நான்காம் நாள் முளை விட்டது. பிறகு இலையும் வந்தது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த விதைகளுக்கு வெப்பம், காற்று, நல்ல நீர் எல்லாவற்றையும் நாமே கொடுத்தோம். செவ்வாய் மண்ணில் நட்டால் கதை வேறு. 2021இல் அமெரிக்காவின் புளோரிடாவில், செவ்வாய் மண்ணைப்போலத் தயாரித்த மாதிரி மண்ணில் பெர்குளோரேட் கலந்து லெட்யூஸ் விதைத்துப் பார்த்தார்கள். உரம் கொடுத்தும் வளரவில்லை.

ஆகவே செவ்வாயில் தோட்டம் போடப் போகிறவர்களின் முதல் வேலை விதைப்பது இல்லை, மண்ணைக் கழுவுவது. நிலத்தடிப் பனிக்கட்டியை வெட்டி, உருக்கி, மண்ணில் பாய்ச்சி, வடித்த நஞ்சு நீரைக் காய்ச்சிச் சுத்தமாக்கி மறுபடி பாய்ச்ச வேண்டும். பிச்சாவரத்தில் நாளுக்கு இரண்டு முறை கடல் இலவசமாகச் செய்யும் வேலை அது. அங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் வேண்டும், இயந்திரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும்.

உப்பைத் தாங்கும் மரபணுவை அலையாத்தியிலிருந்து எடுத்துப் பயிரில் சேர்த்துவிடலாம் என்போரும் உண்டு. வெண்கண்டலின் மரபணு ஒன்றை நெல்லில் சேர்த்து, உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கச் செய்த ஆய்வைச் சுவாமிநாதன் நிறுவனத்து விஞ்ஞானிகள் 2008இல் வெளியிட்டார்கள். அந்த அறிவு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் பக்கத்து வயல்கள் என்பது என் கருத்து. கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, நிலத்தடி நீர் கரிக்கத் தொடங்கிய கிணறுகள் இந்தக் கரையில் எத்தனையோ. செவ்வாய்க்கு அவசரம் இல்லை.

கழுவிய பிறகும் அது மண்ணாகிவிடாது. வெறும் பாறைப் பொடிதான். பாறைப் பொடியில் உயிரை ஏற்றுவது எப்படி என்பதற்கும் இதே மாவட்டத்தில் ஆள் இருக்கிறார்கள். பல ஆள் ஆழத்திலிருந்து அள்ளிக் கொட்டிய நெய்வேலிச் சுரங்க மேடுகளில் பயிர் ஏற்றியவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)