சீருடை அணியுமுன்

சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி நிறைவு செய்த இளைஞரின் தோள்களில் அவருடைய பெற்றோர் நட்சத்திரங்களைப் பொருத்தும் படங்களை நாளேடுகளில் காண்கிறோம். மலைமேல் உள்ள புனித தோமையார் திருத்தலத்திற்குச் சென்று வரும் குடும்பங்கள் அக்கழகத்தின் மதிற்சுவரை ஒட்டிய சாலைகளையும் அறிந்திருக்கும். "நம் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் இவ்வாறு நிற்க வேண்டும்" என்னும் ஆசை பல உள்ளங்களில் எழுவது இயல்பே. அந்த ஆசை பாராட்டுதற்குரியது. ஆனால் எழுத்துத் தேர்விற்குக் காட்டும் அக்கறையில் நான்கில் ஒரு பங்கைக்கூட உடலையும் உள்ளத்தையும் ஆயத்தம் செய்வதில் நம்மவர் காட்டுவதில்லை. இந்த ஆயத்தம் ஒரு மாதத்தில் முடியக்கூடியதன்று. விலை கொடுத்து வாங்கக்கூடியதுமன்று. அது வீட்டில் தொடங்கி, நாள்தோறும் சிறுகச் சிறுக வளர வேண்டிய ஒன்று.

வழிகள் மூன்று

பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயதுக்குட்பட்டவர்கள், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே நேஷனல் டிபென்ஸ் அகாடமித் தேர்வினை எழுதலாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதனை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. தேறுவோர் புனே நகருக்கருகில் கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுகள் பயில்வர். 2022ஆம் ஆண்டு முதல் பெண்களும் அங்குச் சேர்க்கப்படுகின்றனர். அவர்களுள் முதல் அணியினர் பதினெழுவர் 2025 மே மாதத்தில் தேறி வெளிவந்தனர்.

பட்டதாரிகளுக்கு ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு உண்டு. அதன்வழி 1932இல் தொடங்கப்பெற்ற டேராடூன் இந்திய இராணுவக் கழகத்திற்கோ, பரங்கிமலைக்கோ செல்லலாம். பரங்கிமலைப் பயிற்சி நிலையம் 1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்து, அதிகாரிகளின் தேவை பெருகியதால் 1963இல் அமைந்தது. 1988 முதல் இன்றைய பெயரைத் தாங்கி நிற்கிறது. 1992 முதல் பெண்களையும் பயிற்றுகிறது. பயிற்சிக் காலம் 49 வாரங்கள். மூன்றாவது வழி, என்.சி.சி.யில் 'சி' சான்றிதழைக் குறித்த தகுதியுடன் பெற்ற பட்டதாரிகளுக்கு உரியது. அவர்கள் எழுத்துத் தேர்வின்றியே நேரடித் தேர்வுக்கு அழைக்கப்படலாம். எனவே கல்லூரியில் சேரும் பிள்ளையிடம், என்.சி.சி. அணிவகுப்பு நேர விரயம் என்று யாரும் சொல்ல வேண்டா.

எலும்புக்கு வேண்டிய பொறுமை

நேஷனல் டிபென்ஸ் அகாடமித் தேர்வு அறிவிக்கையே, சேர விரும்புவோர் எத்தகைய உடற்பயிற்சியை மேற்கொள்ள வேண்டுமெனக் கூறுகிறது. 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுதல். கயிறு தாண்டிக் குதித்தல். தண்டாலும், மல்லாந்து படுத்து எழும் பயிற்சியும் குறைந்தது 20 முறை. கம்பியைப் பற்றித் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி உடலைத் தூக்குதல் 8 முறை. 3 முதல் 4 மீட்டர் உயரம் கயிற்றில் ஏறுதல். இவை பயிற்சியின் முடிவு அல்ல, வாயிற்படி மட்டுமே. உள்ளே சென்றபின் முதுகில் சுமையும் கையில் துப்பாக்கியுமாக நெடுந்தூரம் ஓடவும் நடக்கவும் வேண்டியிருக்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறிவிடுகின்றனர். அழைப்புக் கடிதம் வந்த மறுநாள் விடியற்காலையில் எழுந்து, தார்ச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடத் தொடங்குவர். சில வாரங்களில் மூச்சும் தசையும் வலுப்பெற்றுவிடும். பிள்ளைக்கும் ஊக்கம் பெருகும். எலும்போ அவ்வளவு விரைவில் வலுப்பெறாது. புதிய பளு விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பின்னரே புதிதாகக் கட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாரங்களில் அது முன்னிலும் மெலிந்திருக்கும். அந்நேரத்தில் அளவுக்கு மீறி ஓடினால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் பாத எலும்பிலும் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். பயிற்சிக் கழகங்களில் பிள்ளைகளை வாட்டும் துன்பங்களுள் இது முக்கியமானது. நீண்ட நாள் பயிற்சியைத் தவறவிட்டவர் அடுத்த அணியோடு சேர்க்கப்பட்டு, ஒரு பருவத்தையே இழக்க நேரிடும்.

ஆகவே குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்குக. முதல் மாதம் நடையும் மெல்லோட்டமும் மாறிமாறி, வாரத்தில் நான்கு நாள் போதும். பின்னர் வாரந்தோறும் தூரத்தைப் பத்தில் ஒரு பங்களவே கூட்டுக. நான்கு வாரத்திற்கு ஒருமுறை பளுவைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருக. கண்மாய்க் கரை, பள்ளி மைதானம் போன்ற மண் தரையே ஓட்டத்திற்கு ஏற்றது. ஓடும்போது ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, விரலால் அழுத்தும்போது குறித்த ஓரிடத்தில் சுரீரென்று நோவு கண்டாலோ ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவது வீரம் என்று எண்ணுவது பேதைமை.

உணவும் எளியதே. கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. முட்டை, நெத்திலி, பயறு, நிலக்கடலை, கீரை ஆகியவை நம் அடுக்களைக்குப் புதியவையல்ல. பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை உண்டா என முன்னதாகவே பரிசோதித்துக்கொள்க. கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்; உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். வெயிலுக்கு உடல் பழக இரண்டு வார காலம் ஆகும். வெயிலில் பயிலும் ஒருவர் தடுமாறிப் பேசினாலோ நினைவு மயங்கினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; காலந் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. நீச்சல் தெரியாத பிள்ளை, தகுந்தவர் மேற்பார்வையில் இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை, தட்டையான பாதம், முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்தல் ஆகியவை மருத்துவத் தேர்வில் தடையாகக் கூடும். பத்தாம் வகுப்பிலேயே கண் மருத்துவரிடமும் பொது மருத்துவரிடமும் காட்டிவிட்டால், பல்லாண்டுக் கனவு கடைசி நாளில் நொறுங்கும் துயரத்தைத் தவிர்க்கலாம்.

மனம், வாக்கு, செயல்

எழுத்துத் தேர்வில் வென்றவர் ஐந்து நாள் நேரடித் தேர்வுக்குச் செல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையில் உருவான முறை இது; நம் நாட்டில் 1943இல் டேராடூனில் சோதனை முறையாகத் தொடங்கியது. முதல் நாளே ஒரு வடிகட்டல் நடைபெறும். பலர் அன்று மாலையே வீடு திரும்புவர். எஞ்சியோர்க்கு உளவியல் தேர்வுகள் உண்டு. ஒரு சொல் திரையில் தோன்றும். பதினைந்து நொடிக்குள் மனத்தில் எழும் எண்ணத்தை எழுத வேண்டும். இவ்வாறு அறுபது சொற்கள். படத்தைக் கண்டு கதை எழுத வேண்டும். அன்றாட வாழ்வின் அறுபது நெருக்கடிகளுக்கு முப்பது நிமிடத்தில் விடை தர வேண்டும். பின்னர் வெட்டவெளியில் குழுவாகப் பலகையும் கயிறும் கொண்டு தடைகளைக் கடக்க வேண்டும். ஓர் அதிகாரி தனியே நெடுநேரம் உரையாடுவார்.

உளவியலாளர், குழுச் செயல்களைக் காண்பவர், உரையாடுபவர் ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். இறுதி நாளில்தான் மூன்று மதிப்பீடுகளும் ஒன்றுசேரும். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒருவரிடம் ஒத்திருக்கின்றனவா என்பதே அங்குக் காணப்படுகிறது. பயிற்சி நிலையம் ஒன்றில் மனப்பாடம் செய்த அழகிய விடைகள் தாளில் இருக்கலாம். ஆனால் கயிற்றைப் பற்றியவுடன் தோழனைப் பிடித்துத் தள்ளிவிட்டு முன்னே பாய்கிறவனின் இயல்பை எந்த விடையும் மறைக்காது. "நான் தலைவன்" என்று கூவுபவனைவிட, பின்தங்கிய ஒருவனுக்குக் கை கொடுத்து ஏற்றிவிடுபவனே அங்கு விரைவில் கண்ணில் படுவான்.

வீடே முதற் பயிற்சிக்கூடம்

இந்த இயல்பு எங்கே உருவாகிறது? நம் வீடுகளில்தான். ஆண் பிள்ளை உண்ட தட்டைத் தாயோ தங்கையோ எடுத்துக் கழுவும் வீட்டிலிருந்து, தன் காலணியைத் தானே துடைத்து, தன் உடையைத் தானே துவைத்து, படுக்கையை மடித்து வைக்கும் அதிகாரி எளிதில் தோன்றமாட்டான். பயிற்சிக் கழகத்தின் முதல் வாரங்களில் பிள்ளைகளைத் திணறச் செய்வது ஓட்டம் மட்டுமன்று. நொடி தவறாமை, இடைவிடாத ஏவல், பிறர் முன்னிலையில் கண்டிக்கப்படுதல், உறக்கக் குறைவு ஆகியவை அதனினும் கடியவை. கடிந்துகொண்டால் முகம் வாடி அறையைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை அங்குத் தவித்துப்போகும்.

பெற்றோரே, பிள்ளையைத் தனியே இரயிலில் அனுப்புங்கள்; மாதச் செலவுக் கணக்கை அவர் கையில் கொடுங்கள். ஒரு பொறுப்பை ஒப்படைத்தபின், இடையிடையே தலையிடாதீர்கள். பங்கு இளைஞர் மன்றத்தின் விளையாட்டுப் போட்டியோ, தெருவில் வெள்ளம் புகுந்த நாளில் முதியோரை அப்புறப்படுத்தும் பணியோ அவருக்குக் கிடைத்தால் தடுக்காதீர்கள். குழுச்செயலுக்கு இவற்றைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. தேர்வில் பெரும்பாலும் ஆங்கிலமே வழங்குவதால், நாளேட்டின் ஒரு செய்தியைப் படித்து, நாள்தோறும் மூன்று நிமிடம் தங்குதடையின்றிப் பேசும் பழக்கம் வேண்டும். பிழையுடன் பேசினாலும் தயங்காது பேசட்டும். அப்போது வீட்டில் யாரும் நகைக்க வேண்டா.

பெற்றோரும் ஆயத்தமாக வேண்டும்

இரண்டு உண்மைகளைப் பெற்றோர் நேருக்கு நேர் நோக்க வேண்டும். ஒன்று, தேர்வு பெறாமல் திரும்பி வருவோரே மிகுதி. வயது வரம்பிற்குள் மீண்டும் மீண்டும் முயலலாம். பலமுறை திருப்பி அனுப்பப்பட்டுப் பின்னர் சிறந்த அதிகாரிகளானவர் பலர். திரும்பி வரும் பிள்ளையிடம், "ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோமே" என்று அங்கலாய்ப்பது கொடுமை. அதற்காகவே, முடிவு தெரியுமுன் ஊருக்குச் சொல்லாதிருப்பது நன்று. பட்டப் படிப்பையோ மாற்றுத் தொழிலையோ கைவிடாது முயல்வதே அறிவுடைமை.

மற்றொன்று, இது இடர் நிறைந்த பணி. 1972இல் பரங்கிமலையில் தேறிய மேஜர் இராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பரில் இலங்கையில் உயிர் நீத்துப் பரம் வீர் சக்ரா விருது பெற்றார். அதே கழகத்தில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் வீழ்ந்தார். அவருக்குரிய அசோக சக்ராவை அவருடைய துணைவியார் பெற்றுக்கொண்டார். பயிற்சியிலேயே ஊனமுற்று, அதிகாரியாக நியமனம் பெறுமுன் வெளியேற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் முன்னாள் படைவீரர் என்னும் தகுதியையும் அதற்குரிய ஓய்வூதியத்தையும் பெறாது தவித்த நிலையை, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இவற்றையெல்லாம் அறிந்தபின் பிள்ளையோடு அமர்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். அச்சத்தால் தடுப்பதும் தவறு. அண்டை வீட்டார் மெச்ச வேண்டுமென்று உந்துவதும் தவறு. "ஏன் செல்ல விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். சீருடையின் மிடுக்கும் சம்பளமும் மட்டுமே விடையாக வந்தால், இன்னும் சிறிது காலம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

டேராடூன் கழகத்தில் 1932 முதல் போற்றப்பட்டு வரும் நெறி ஒன்றுண்டு. நாட்டின் நலம் முதலாவது. தன்கீழ்ப் பணியாற்றும் வீரரின் நலம் அடுத்தது. அதிகாரியின் சொந்த நலம் எப்போதும் இறுதியானது. இந்த வரிசையைப் பயிற்சிக் கழகத்தில் ஓராண்டில் புதிதாகப் புகட்டிவிட முடியாது. வீட்டில் மற்றவர்கள் உண்டார்களா என்று கேட்டபின் தன் தட்டை எடுக்கும் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பாதி தெரியும். நாளைக் காலை ஐந்து மணிக்கு, எவரும் எழுப்பாமல் தானே எழுந்து அரை மணி நேரம் நடக்கட்டும். மீதிப் பாதியும் மெல்ல வந்து சேரும்.