மண், கான்கிரீட், சான்றிதழ்: கட்டடக்கலைஞர்களின் தொடர்கல்வி குறித்துச் சில குறிப்புகள்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கட்டடக்கலைஞர்களின் வகுப்பறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். மொழிபெயர்ப்பு வேலைதான். சில வருடங்களுக்கு முன்பு ஓர் அமைப்பு (பெயர் இங்கு அவசியமில்லை) பதிவுபெற்ற கட்டடக்கலைஞர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தியது. காலையில் 'சஸ்டெய்னபிள் டிசைன்', பிற்பகலில் தொழில்நடைமுறை. நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். 'பங்கேற்பு' என்ற சொல் இல்லாமல் இப்போது எந்த நிதி விண்ணப்பமும் நகர்வதில்லை என்பதால் ஆறு கொத்தனார்களையும் அழைத்திருந்தார்கள். பேச்செல்லாம் ஆங்கிலம். அதைக் கொத்தனார்களுக்குத் தமிழில் சொல்லவும், அவர்கள் ஏதாவது சொன்னால் ஆங்கிலத்தில் சொல்லவும் நான். நாளுக்கு இவ்வளவு என்று பேசித்தான் போனேன். ஆக அந்த அறையில் தினக்கூலிக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'சஸ்டெய்னபிள்' என்பதற்கு நம்மிடம் நீடித்த, நிலைத்த, வளங்குன்றா, பேண்தகு என்று பல சொற்கள் உலவுகின்றன. இலங்கைத் தமிழில் 'நிலைபேறான' என்கிறார்கள். நான் 'நிலைத்த' என்றேன். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் உடனே கேட்டார்: "நெலச்சு நிக்கிறது காங்கிரீட்டுதானே தம்பி?"

அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். கோளாறு சொல்லில் இருக்கிறது. எது நிலைக்க வேண்டும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. கட்டடமா, அது தோண்டியெடுக்கிற மணலும் தண்ணீரும் காற்றுமா? இடிந்தால் மறுபடி மண்ணோடு மண்ணாகப் போகிற சுவர்தான் இந்தச் சொல்லாடலின்படி 'நிலைத்தது'. கட்டியவனுக்கு அது நிலைக்காத சுவர். செயப்படுபொருளை ஒளித்துவைத்துக்கொண்டு இயங்குகிற இப்படியான சொற்களைப் பற்றி நாம் எப்போதும் சந்தேகத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது.

தொடர்கல்வி என்பது என்ன? மருத்துவர், வழக்குரைஞர், கட்டடக்கலைஞர் போன்றவர்கள் ஒருமுறை பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை, பொருட்களும் சட்டங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் படித்தாக வேண்டும் என்ற ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் உறுப்பினர்களிடம் வருடத்திற்கு 18 அலகுகள் கேட்கிறது. அதில் 12 மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு சார்ந்ததாக இருக்க வேண்டும். பிரிட்டனின் அரச கட்டடக்கலைஞர் கழகம் வருடத்திற்கு 35 மணி நேரம் கேட்கிறது. அறிவை மணியால் அளக்கிற இந்த ஏற்பாட்டில் சுற்றுச்சூழலும் ஒரு கணக்காக உள்ளே வருகிறது. 2009 முதல் 2012 வரை அமெரிக்கக் கழகம் வருடத்திற்கு 4 மணி நேரம் நிலைத்த வடிவமைப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. பிறகு, அது பொது நீரோட்டத்தில் கலந்துவிட்டது என்று கைவிட்டது. நாலு வருடத்தில் பூமிப்பந்தின் பிரச்சினை பாடத்திட்டத்துக்குள் தீர்ந்துபோயிற்று. (கலிஃபோர்னியா மாநிலம் 2023 முதல் கரிம உமிழ்வற்ற வடிவமைப்பு பற்றி 5 மணி நேரப் படிப்பை உரிமப் புதுப்பிப்புக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்த வகுப்புகள் வெறும் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைப் புதுப்பித்தபோது, வெப்பக்காப்புக்காகவும் தோற்றத்துக்காகவும் வெளிச்சுவர் முழுக்கப் பலகைகள் போர்த்தினார்கள். மின்சாரம் மிச்சம், கரிமம் மிச்சம். 2017 ஜூன் 14 அன்று அந்தப் போர்வையே தீயை ஏந்திக்கொண்டு மேலேறியது. இறந்தவர்கள் 72 பேர். பெரும்பாலும் உழைக்கும் மக்கள், குடியேறிகள். 2024 செப்டம்பரில் வந்த இறுதி விசாரணை அறிக்கை, பொருள் தயாரித்த நிறுவனங்களிலிருந்து அரசுவரை எல்லோர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. வடிவமைத்த கட்டடக்கலைஞர்களும் தப்பவில்லை. தாங்கள் தேர்ந்த பலகை எரியக்கூடியது என்பதை அவர்கள் உணரத் தவறியிருந்தார்கள். அங்கே 2024 முதல் பதிவுபெற்ற எல்லாக் கட்டடக்கலைஞர்களுக்கும் தொடர்கல்வி கட்டாயம். சுற்றுச்சூழலும் தீப்பாதுகாப்பும் அதில் கட்டாயத் தலைப்புகள். பசுமை ஒரு வகுப்பிலும் பொறுப்பு இன்னொரு வகுப்பிலுமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கட்டடத்தைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. 1972இன் கட்டடக்கலைஞர் சட்டம் பாதுகாப்பது ஒரு பெயரை. பதிவு செய்துகொள்ளாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது அதன் 37ஆம் பிரிவு. அது பட்டப்பெயரைத்தான் காக்கிறது, கட்டடம் வடிவமைக்கிற வேலையை மற்றவர்களுக்குத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் விளக்கியது. கொத்தனார் வீடு கட்டலாம், தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளத்தான் கூடாது. தொழில்கள் என்பவை சேவை செய்வதைவிட முக்கியமாக, மற்றவர்களின் திறமையைத் திறமை இல்லை என்று ஆக்கும் வேலையைச் செய்கின்றன என்று 1970களில் இவான் இல்லிச் எழுதினார். இங்கே அது அரைகுறையாகத்தான் நடந்திருக்கிறது. நம்மூரில் பெருவாரியான வீடுகள் ஆர்க்கிடெக்டின் நிழலே படாமல் எழும்புகின்றன.

வகுப்புக்கு வருவோம். காலை வகுப்பு நன்றாகவே இருந்தது. உலகின் கரிம உமிழ்வில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டுத்தான் சிமெண்ட் ஆகிறது. சுடுவதற்கு எரிக்கும் நிலக்கரி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கல்லுக்குள் இருக்கும் கரிமமே வாயுவாக வெளியேறுவதுதான் பெரும் பங்கு. சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும். பூசிய பிறகு அது காற்றிலிருந்து கரிமவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் இறுகுகிறது. ஐந்து சதவீதம் போலச் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லைச் சூளையில் வைக்க வேண்டாம், ஈரம் காத்து வைத்தால் போதும். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' என்ற முறையில் கல் கால்வாசி மிச்சம். இதையெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது கொத்தனார்கள் ஆர்வமாகவே கேட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஒருவர் வந்தார். கட்டணம், ஒப்பந்தம், சட்டப் பொறுப்பு. இந்தியக் கட்டடக்கலை மன்றத்தின் கட்டண அட்டவணைக்கு அடிப்படை, கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்பது. ஒரு கணக்குக்கு, 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கட்டணம் 2 லட்சம். காலையில் கேட்டதை அப்படியே செய்து செலவை 30 லட்சமாகக் குறைத்தால் கட்டணம் ஒன்றரை லட்சம். வேலையோ கூடுதல். மண் எடுத்துச் சோதிக்க வேண்டும், கொத்தனாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தினமும் தளத்தில் நிற்க வேண்டும். குறைவாகக் கட்டு என்கிற வகுப்புக்கும், கட்டுவதின் விலையில் உனக்குப் பங்கு என்கிற வகுப்புக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு இடைவேளை. அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மற்றவையும் இப்படியே. அரசுக் கட்டடமென்றால் பொதுப்பணித்துறையின் விலை விகிதப் பட்டியலில் இருக்கிற பொருளைப் போடுவதுதான் பத்திரம். பட்டியலில் இல்லாததற்குத் தனியே விலை ஆய்வு செய்து ஒப்புதல் வாங்க அலைய வேண்டும். சிமெண்டுக்கு 28 நாளில் கட்டியை நசுக்கிப் பார்த்துச் சான்று தந்துவிடலாம். சுண்ணாம்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறுகுவது. ஒப்பந்தத்தின் காலத்துக்குள் அது அடங்காது. விரிசல் விட்டால் நோட்டீஸ் வருவது ஆர்க்கிடெக்டுக்கு. "ஆகவே நிரூபிக்கப்பட்ட பொருளையே பரிந்துரையுங்கள்" என்றார் பிற்பகல்காரர். நிரூபணம் என்பது இங்கு யாருடைய நாட்காட்டிப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த இடைவேளையை ஒழித்தவர் என்று லாரி பேக்கரைச் சொல்லலாம். 1945இல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்கு இந்தியா வந்த பர்மிங்காம்காரர். இமயமலையில் பித்தோராகட் பக்கம் பல வருடம் இருந்து, பின் கேரளத்துக்கு வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவர் படத்தைத் தளத்தில் நின்று வரைந்தார். கொத்தனார்களைத் தானே அமர்த்திக் கட்டினார். கட்டடக்கலைஞர் வேறு, ஒப்பந்தக்காரர் வேறு என்று பிரித்து வைப்பதுதான் தொழில் ஒழுக்கம் என்கிற மரபான பாடத்துக்கு நேர்மாறாக நின்றுதான் அவர் செலவைக் குறைத்தார். தன் கையால் படம் போட்டு, சாதாரண ஆளுக்கும் புரிகிற சிறுசிறு புத்தகங்கள் எழுதினார். காலை வகுப்பில் அவருடைய ஜாலிச் சுவர்களைப் படமாகக் காட்டினார்கள். பிற்பகல் வகுப்பில் அவர் பெயர் வரவில்லை. தொடர்கல்வி பேக்கரின் செங்கல்லை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்த முறையை விட்டுவிட்டது.

இரண்டாம் நாள் சுண்ணாம்புச் சாந்து செய்முறை. சிறப்பு வல்லுநர் ஒருவர் விகிதம் சொன்னார்: சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம். ஓர் இளம் பெண் கட்டடக்கலைஞர் நோட்டோடு பெரியவரிடம் வந்து, கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டார். அக்கறையான கேள்விதான். பெரியவர், "வெயிலப் பொறுத்தது பாப்பா. வாசம் சொல்லும்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? 'நான்கைந்து நாட்கள்' என்று சொல்லிவைத்தேன். அவர் எழுதிக்கொண்டார். ஒரு மூக்கின் அறிவை நான் எண்ணாக்கிக் கொடுத்தேன், அதையும் தவறாகக்கூட இருக்கலாம். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் தட்டியவர்கள் பெண்கள். அந்த ஆறு பேரில் ஒரு சித்தாள்கூட இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானுமே வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது இன்னொரு 'மரபறிவுப் புகழ்ச்சி'க் கட்டுரை ஆகியிருக்கும். பெரியவர் என்னை அப்படி நிறுத்தவிடவில்லை. மதியம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவர் வீட்டைப் பற்றிக் கேட்டேன். காலனியில் இருக்கிறது. மண் சுவரும் கூரையுமாக இருந்ததை இடித்துவிட்டு அரசுத் தொகை வாங்கிக் கான்கிரீட் போட்டிருக்கிறார். "வெக்கைதான் தம்பி. சித்திரையில ராத்திரி உள்ள படுக்க முடியாது, வாசல்லதான் படுக்குறோம். ஆனா எவனும் தீக்குச்சி உரசிப் போட்டா எரியாதில்ல."

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். கூரை என்பது இந்த மண்ணில் வெப்பக்கடத்தலின் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. கான்கிரீட்டும் முழுக்கக் காப்பாற்றிவிடவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் கட்டுவீடுகளும் சூறையாடப்பட்டன. ஆனாலும் அந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், மேலே கான்கிரீட் தளம், அதற்கு மேல் சூரிய சக்தியில் எரியும் 5 விளக்கு. விளக்கில்தான் பசுமை. சுற்றுச்சூழல் நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தளம் கான்கிரீட்டாக இல்லாதிருந்தால் அந்த வீட்டை யார் வாங்கியிருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மண் வீட்டின் அழகியல் பண்ணை வீடு கட்டுகிறவருக்கு ஒரு தேர்வு. அதிலிருந்து நேற்றுத்தான் வெளியே வந்தவருக்கு அது திரும்பிப்போகச் சொல்கிற குரலாகக் கேட்கிறது. இதைத் தொழில்நடைமுறை என்ற தலைப்பில் யாரும் வைப்பதில்லை. வீட்டுக்காரர் யார், அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது நடைமுறை இல்லையென்றால் வேறு எது?

கடைசி அமர்வில் கலந்துரையாடல். கொத்தனார்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்றார்கள். ஒலிபெருக்கி பெரியவரிடம் போனது. அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னிடம் சொன்னார்: "மண்ணு வீடு நல்லதுதான். மொதல்ல ஊருக்குள்ள கட்டச் சொல்லுங்க தம்பி. நாங்க பாத்துட்டு அப்புறம் காலனியில கட்டுறோம்."

அறை என்னைப் பார்த்தது. 'ஊர்' என்பதையும் 'காலனி' என்பதையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன் என்று இங்கே எழுதினால் அது பொய். எனக்குச் சொற்கள் தெரியும். நாற்பது பேரில் பலர் ஊர்க்காரர்கள். மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் தங்கள் மேசையில் உட்காரவைத்தவர்கள். 'இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சமூக ஏற்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அருமையான கேள்வி" என்றார் பேச்சாளர். அந்தத் தலைப்பில் அவரிடம் படங்கள் தயாராக இருந்தன. பதினைந்து நிமிடம் காட்டினார். பிறகு கட்டடக்கலைஞர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொத்தனார்களுக்கு உறையில் பஸ் காசு. எனக்கும் ஓர் உறை. பெரியவர் பஸ் ஏறும்போது, "நான் கேட்டதுக்கு அவரு என்ன தம்பி சொன்னாரு?" என்று கேட்டார்.