நோ-பாலுக்குள்ளே ஒரு சூது!

2016, 2017 இரண்டு வருஷமும் நம்ம சி.எஸ்.கே. ஐ.பி.எல். ஆடவில்லை. ஏன் என்று வகுப்பில் கேட்டேன். "தடை பண்ணிட்டாங்கடா" என்றார்கள். "எதுக்குத் தடை?" என்றால் யாருக்கும் தெரியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் பந்தயம் கட்டுவதில்லை. இந்த ஓவரில் எத்தனை ரன், அடுத்த பந்து என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறார்கள். ஆபத்து இங்கேதான்! ஒரு மேட்சையே தோற்க வேண்டுமானால் பல பேர் சேர்ந்து ஏமாற்ற வேண்டும். ஒரு நோ-பால் போட ஒரு பவுலர் போதும். பார்க்கிற நமக்குச் சந்தேகமே வராது. இதற்குப் பெயர் 'ஸ்பாட் பிக்சிங்'.

2010 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் பவுலர்கள் ஆமிரும் ஆசிப்பும் முன்பே பேசி வைத்தபடி மூன்று நோ-பால் போட்டார்கள். கேப்டன் சல்மான் பட்டும் உடந்தை. 2011-இல் மூவருக்கும் சிறை. நோ-பால் போட்டபோது ஆமிருக்கு வயசு 18தான்!

சி.எஸ்.கே. கதை வேறு. அதன் ஆட்டக்காரர்கள் யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அணி நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் 2013-இல் பந்தயம் கட்டியது உண்மை என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாருக்குக் காயம், யார் ஆடப் போகிறார் என்பதெல்லாம் அணிக்குள் இருப்பவருக்கு முன்னாடியே தெரியும். வினாத்தாள் தயாரிக்கிறவரே, எந்தக் கேள்வி வரும்னு பந்தயம் கட்டினால் எப்படி? 2015 ஜூலை 14-இல் நீதிபதி லோதா குழு சி.எஸ்.கே.வுக்கும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கும் இரண்டு வருஷம் தடை போட்டது. 2018-இல் திரும்பி வந்து கோப்பையை வென்றோம், சந்தோஷம்தான். ஆனால் தப்பே செய்யாத ஆட்டக்காரர்களும் அல்லவா தண்டனை அனுபவித்தார்கள்?

2023 முதல் இந்திய அணியின் சட்டையிலேயே 'டிரீம்11' விளம்பரம் இருந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்த பிறகுதான் அது விலகியது.

இப்போது தேரடி வீதி டீக்கடையில் மேட்ச் பார்த்தால், ஒரு கேட்ச் விட்டாலே "எல்லாம் பிக்சிங்குப்பா!" என்கிறார்கள். வெயிலில் ஓடி, விழுந்து, உண்மையிலேயே கேட்ச் விட்டவனையும் நாம் நம்புவதில்லை. சூது செய்த பெரிய நஷ்டம் இதுதான்.

வள்ளுவர் 'சூது' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். நம்ம கிரவுண்டில் "பத்து ரூபா பெட்டு" என்று யாராவது கூப்பிட்டால், "வேணாம்டா, ஆடலாம் வா" என்று சொல்வோம்!

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு