யாழ்ப்பாணக் கோட்டையும் முற்றவெளியும்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் ஒல்லாந்தரோடு நின்றுவிடுகின்றன. 1619இல் இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கீசர் கட்டினர். 1658இல் மூன்று மாதத்துக்கு மேலான முற்றுகையின் பின் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். 1795இல் சண்டையின்றி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இது பாடப்புத்தகச் செய்தி. அந்த மதில்களுக்குள்ளிருந்து நகரத்தின்மேல் ஷெல் விழுந்த ஆண்டுகளை நாம் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

ஐங்கோணம் அழகுக்காக வந்ததல்ல. ஒவ்வொரு மூலையிலும் வெளியே துருத்தும் கொத்தளம் அடுத்ததன் மதிலடியைக் காக்கும். மதிலுக்கு வெளியே அகழி, அதற்கப்பால் வெறும் வெளி. வருபவனுக்கு மறைவு இருக்கக்கூடாது என்பதே கணக்கு. நாங்கள் கூட்டங்களுக்கும் விளையாட்டுக்கும் போன முற்றவெளி அப்படியொரு வெளிதான்.

1985 ஏப்ரலில் யாழ் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டபின் இராணுவம் கோட்டைக்குள் முடங்கியது. சுற்றிலும் இயக்கங்களின் காவல். வெளியே வரமுடியாத படைக்குக் கையிலிருந்தது ஷெல். ஒல்லாந்தனின் கணக்கு துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் போட்டது. ஷெல்லோ பல கிலோமீற்றர் போகும். நகரம் முழுவதும் முற்றவெளியாயிற்று. 1987 ஒக்டோபரில் அங்கிருந்தவர்கள் இந்தியப் படையினர். அப்போதும் கோட்டையிலிருந்து வந்த ஷெல்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் விழுந்தன.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டனர். உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட இராணுவத்தினரும் பொலிசாரும். 107 நாள். அவர்களைக் காக்கவென்று விமானங்கள் நகரத்தின்மேல் குண்டு கொட்டின. பீப்பாய்க்குண்டு என்ற சொல்லை அந்நாட்களில்தான் கற்றோம். செப்ரெம்பரில் மண்டைதீவுப் பக்கமிருந்து படை வந்து, 26ஆம் திகதி உள்ளிருந்தோரை மீட்டுச் சென்றது. கோட்டை புலிகளிடம் வந்தது.

இது வெற்றியா என்று கேட்டால் இராணுவக் கணக்கில் வெற்றிதான். அரசு ஊர்மேல் குண்டு போட்டதன் குற்றம் அரசினுடையது. அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் சனம் நிறைந்த நகரத்தின் நடுவே முற்றுகை வைத்தால் விலை யார் கொடுப்பார் என்பது 1986இலேயே தெரிந்த விடயம். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் இந்தக் கோட்டையின் வரலாற்றில் சேரும். ஐந்து ஆண்டில், 1995 டிசெம்பரில், நகரம் மீண்டும் இராணுவத்தின் கையில். அப்போது அங்கே சனம் அநேகமாக இல்லை. ஒக்டோபர் இறுதியிலேயே இடம்பெயர்ந்து போயிருந்தனர்.

போருக்குப் பின் ஒல்லாந்தின் நிதியுதவியுடன் மதில்கள் திருத்தப்பட்டன. 1706இல் உள்ளே கட்டிய தேவாலயம் 1990 முற்றுகையில் சிதைந்தது. அது இடிந்தபடியே கிடக்கிறது.